நான் தப்பாக எழுதிய விமானம்!

கடந்த ஆண்டு செப்டம்பர் 1, காலை ஷிஃப்ட். 'வரலாற்றில் இன்று' பகுதிக்கு, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நாளைப் பற்றி ஒரு சின்னச் செய்தி எழுத வேண்டும். கையில் இருந்தது 20 நிமிடம். '1939-ல் ஜெர்மனி தாக்கிய முதல் நாளே போலந்தின் போர் விமானங்கள் எல்லாம் தரையிலேயே அழிக்கப்பட்டன' என்று ஒரு வரி தட்டினேன். எங்கோ படித்த ஞாபகம். சரிபார்க்கவில்லை.

மாலையில் ஒரு வாசகர் மெயில் அனுப்பியிருந்தார். "அந்த வரி தப்பும்மா. அன்றைக்கு மேலே ஏறிச் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டிய விமானத்தின் மாடலைத்தான் இப்போது செய்ய ஆரம்பித்திருக்கிறேன். நேரம் இருந்தால் வந்து பாருங்கள்."

இப்படி வரும் மெயில்களுக்கு 'நன்றி சார்' என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால், மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன்.

சார், ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் செய்யப் பழகியவர், இன்றுவரை விடவில்லை. மொட்டைமாடி அறை முழுக்க இறக்கைகள் தொங்கின. மேஜையில் ஒரு வரைபடம். "பி.இசட்.எல். பி.11. இதைத்தான் நீங்க தரையிலேயே கொளுத்திட்டீங்க" என்று சிரித்தார்.

பிறகு விளக்கினார். போர் வரப்போகிறது என்று தெரிந்து, ஆகஸ்ட் கடைசியிலேயே போலந்து தன் போர் விமானங்களை மறைவான சிறு ஓடுதளங்களுக்கு மாற்றிவிட்டது. பெரிய தளங்களில் குண்டு விழுந்து அழிந்தவற்றில் பெரும்பாலானவை பயிற்சி விமானங்களும் பழுதானவையும்தான். செப்டம்பர் 1 காலை, கிராக்கோவ் அருகே பாலிட்சேயிலிருந்து மெத்வெட்ஸ்கி என்ற கேப்டன் பி.11-ல் மேலே எழும்பினார். சில நிமிடங்களில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அவருடன் கிளம்பிய க்னிஷ் என்ற விமானி தப்பித்தார். அதே காலையில் இரண்டு ஜெர்மன் டோர்னியர் குண்டுவீச்சு விமானங்களை அவர் வீழ்த்தியதாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் போரில் நேச நாடுகளின் முதல் வான் வெற்றி என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

"அந்த வரியை மாத்திட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"மாத்திடறேன் சார்" என்றேன். மாற்றவில்லை. எடிட்டரிடம் போய் 'தப்பா எழுதிட்டேன்' என்று சொல்ல பயம். பழைய செய்திதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு சமாதானமும் இருந்தது.

சாருக்குக் கண்ணில் புரை. நுணுக்கமான வேலைகள் முடியவில்லை. "நான் சொல்றேன், நீ வெட்டும்மா" என்றார். அப்படித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் தாம்பரத்துக்குப் போயின.

நிஜ விமானத்தின் இறக்கை 10.72 மீட்டர் அகலம். அதைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினோம். 67 சென்டிமீட்டர் வந்தது. கிட்டத்தட்ட ஒரு டீப்பாயின் நீளம். டெப்ரான் என்ற லேசான நுரை அட்டைதான் உடம்பு. முதல் நாளே, உடனே ஒட்டும் பசையைத் தடவி ஒரு இறக்கையைக் கரைத்துவிட்டேன். அந்தப் பசை நுரையைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. நுரைக்கென்றே தனிப் பசை இருக்கிறது.

பி.11-ன் அழகே அதன் இறக்கைதான். பறக்கும் கடற்பறவையைப் போல, உடலிலிருந்து மேலே ஏறி, பிறகு நேராக நீளும். உடலோடு சேரும் இடத்தில் இறக்கை மெலிந்துவிடும். விமானியின் பார்வையை மறைக்கக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்தவர், ஸிக்மண்ட் புவாவ்ஸ்கி என்ற இளம் பொறியாளர். 1931 மார்ச்சில், தானே வடிவமைத்த வேறொரு விமானத்தை ஓட்டிப் பார்த்தபோது விழுந்து இறந்தார். வயது 29. பி.11 முதன்முதலாகப் பறந்தது அதே ஆண்டு ஆகஸ்ட்டில். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த வளைவுக்குள் நேரான கார்பன் குச்சியை நுழைக்க முடியாது. மெல்லிய பிளைவுட்டை அதே வடிவத்தில் அறுத்து உள்ளே வைத்தோம். நிஜ விமானத்தின் இறக்கைத் தகட்டில் நெளிநெளியாகக் கோடுகள் இருக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நுரையில் அழுத்திக் கோடு போட்டேன். இன்ஜினுக்கு ஒன்பது சிலிண்டர்கள். ஸ்ட்ராவைத் துண்டு போட்டு, அதன்மேல் கறுப்பு நூலைச் சுற்றிச் செய்தோம். "ஜாக்கெட் தைக்க வெச்சிருந்த நூல்கண்டு எங்கடி?" என்று அம்மா வீடு முழுக்கத் தேடியது இதற்காகத்தான்.

வாலிலும் இறக்கையிலும் போலந்தின் சிவப்பு-வெள்ளைச் சதுரங்கக் கட்டம் வர வேண்டும். இணையத்தில் ஒரு படம் பார்த்து, இடது மேல் கட்டத்தில் வெள்ளை அடித்தேன். சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது இப்போ இருக்கற முறைம்மா. 1993-லதான் மாத்தினாங்க. 1939-ல அந்த இடத்துல சிவப்பு." ஆறு கட்டங்களையும் சுரண்டி, மறுபடி அடித்தேன்.

அன்றும் கேட்டார். "அந்த வரி?" நான் பெயின்ட் டப்பாவை மூடுவதில் மும்முரமாக இருப்பதுபோல நடித்தேன்.

மார்ச்சில் விமானம் தயாரானது. மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 210 கிராம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் அங்கே பறக்கவிடக் கூடாது. செங்கல்பட்டைத் தாண்டி ஒரு பொட்டல் வெளிக்குப் போனோம். இரண்டு மாதமாக லேப்டாப் சிமுலேட்டரில் பழகியிருந்ததால் ரிமோட் என் கையில்.

பறக்கவிடும் முன் ஒரு சோதனை உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் பின்னால் இரு பக்கமும் விரலை வைத்துத் தூக்கினால், எங்கள் மாடல் சமமாக நிற்க வேண்டும். இந்த விமானத்துக்கு மூக்கு குட்டை. அதனால் வால் பக்கம் எடை கூடிவிடும் என்று சார் முதலிலேயே எச்சரித்திருந்தார். காலையில் வீட்டில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. ஆனால், வந்த இடத்தில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தேன்.

"மறுபடி பார்த்துட்டியாம்மா?"

"சரியா இருக்கு சார்."

பார்க்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் பறக்கவிட வேண்டுமென்ற அவசரம்.

சார் வீசினார். விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கியது, ஒரு நொடி அப்படியே நின்றது, இடது பக்கம் சரிந்து குத்திக்கொண்டு விழுந்தது. புரொப்பல்லர் உடைந்து, மோட்டார் பிய்ந்து, ஒன்பது ஸ்ட்ராக்களும் மண்ணில் சிதறின. பேட்டரி இரண்டு விரற்கடை பின்னால் இருந்தது.

சார் திட்டியிருந்தால் தேவலை. குனிந்து ஒவ்வொரு சிலிண்டராகப் பொறுக்கினார். ஏழாவதை எடுக்கும்போதுதான் சொன்னார், "பார்க்காமலே சரியா இருக்குன்னு சொல்லிடறது பழக்கமாயிடும்மா. அதான் பயம்."

மறுநாள் எடிட்டரின் மேஜைக்குப் போனேன். ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு வரி, அது தவறு, ஒரு வாசகர் அன்றே சொன்னார், நான் மாற்றவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கே வந்திருக்கணும். வரியை மாத்தி, கீழே திருத்தம்னு தேதியோட போடு. மறைக்காதே" என்றார். அவ்வளவுதான். இதற்கா ஆறு மாதம் பயந்தேன்?

அன்று மாலைக்குள் அந்தத் திருத்தத்தைப் பார்த்தவர்கள் 11 பேர். அதில் நான்கு முறை நானே.

விமானத்தைச் சரிசெய்ய ஆறு வாரம் பிடித்தது. இந்த முறை பேட்டரி நகராமலிருக்க ஒரு தடுப்பு வைத்தோம். மூக்கில் மீன்பிடித் தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டுகள். மே மாதம் அதே பொட்டல் வெளி. விரல் நுனியில் மூன்று முறை தூக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் சமமாக நின்றது.

சார் வீசினார். கொஞ்சம் தாழ்ந்து, பிறகு எழும்பியது. வளைந்த இறக்கை காலை வெளிச்சத்தில் திரும்பியபோது, அந்தச் சிவப்புக் கட்டம் தெரிந்தது. ஒரு நிமிடம் 50 நொடி பறந்து, கருவேலம் புதரில் இறங்கியது. ஒரு கீறல் மட்டும்தான்.

போர்க்களத்தில் பி.11 பழைய விமானம்தான். எதிரியின் குண்டுவீச்சு விமானங்களே அதைவிட வேகமானவை. அது தெரிந்துதான் அவர்கள் ஏறினார்கள். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஒரு பி.11 கிராக்கோவ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. என்றாவது அதை நேரில் பார்க்க வேண்டும்.

ரயிலில் திரும்பும்போது சாரிடம் போனைக் கொடுத்து, திருத்தத்தைக் காட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபடி கேட்டார்.

"க்னிஷுக்கு ஷ் சரியா போட்டிருக்கியா, பார்த்துட்டியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன் சார்."