வாப்பாட கிளாத்திக் கல்

இன்டைக்கு மீன் சந்தையில தோலுரிச்ச கிளாத்தியைக் கண்டதும் வாப்பாட ஞாபகம் வந்திட்டு.

கிண்ணியாக் கடலில கிளாத்தி நிற்கிற கல்லை வாப்பா கரையைப் பார்த்துத்தான் பிடிப்பார். பள்ளி மினாராவும் எங்கட வளவுத் தென்னையும் ஒரு நேருக்கு வரோணும். அந்த நேரில போய் ஈயம் கல்லில தட்டினால் அதுதான் இடம். 2004 சுனாமி அந்தத் தென்னையைக் கொண்டு போயிட்டு.

பிறகு தூண்டில் போட்டுப் போட்டே தேடினார். "இழுவை தெரியாம இரை மட்டும் காணாமப் போனா, கீழே கிளாத்தி மகன். அதுக்குச் சின்ன வாய், சின்னத் தூண்டில் போடு" என்பார். கல்லைத் திரும்பவும் கண்டுபிடிச்சார். புது அடையாளத்தை எனக்கும் சொன்னார். நான் எழுதி வைக்கல்ல. வாப்பா மௌத்தாகி, இப்ப அந்த இடம் ஒருத்தருக்கும் தெரியாது.

வகுப்பில பிள்ளைகளிட்ட "எழுதி வைங்க" என்டு தினமும் சொல்ற வாத்தியார் நான்.

வாப்பா இருக்கிற ஆக்கள், இன்டைக்கே கேட்டு எழுதி வைங்க.