ரேடியேட்டர் வைபவம்

மோட்டார் எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தி முழுவதும் சக்கரங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே பழைய வண்டிகளை ஓட்டுகிறது. மற்றதெல்லாம் உஷ்ணம். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடும். இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் வாங்கிக்கொண்டு வந்து காற்றில் விட்டாக வேண்டும். அந்தக் காரியத்தைச் செய்யும் உறுப்புக்குத்தான் ரேடியேட்டர் என்று பெயர். அது ஒழுங்காக வேலை செய்யும் வரையில் அதை யாரும் நினைப்பதில்லை.

அந்த ரேடியேட்டரை வீட்டு வாசலிலேயே கழற்றிப் புதியதைப் பொருத்திய வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் புகுந்தேன். எங்கள் வண்டி ஒரு ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற சண்டை விமானத்தின் பெயரைத் தாங்கிய, இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் டிரயம்ப் கம்பெனி 1962 முதல் 1980 வரை இதைத் தயாரித்தது. புணேயில் எங்கள் தெருவில் வசித்த ஒரு பார்சிப் பெரியவர், முதுமையின் காரணமாக ஓட்ட முடியாமற்போனபோது, எனக்கு மலிவான விலைக்குக் கொடுத்துச் சென்றார்.

சாதாரண உத்தியோகஸ்தனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். என் தகப்பனார் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே 1961 முதல் ஹெரால்டு கார் தயாராயிற்று. ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரு குலத்துப் பிள்ளைகள். இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் மிக்கேலொட்டி என்ற இத்தாலியர். அடிச்சட்டமும் எஞ்சினும் நெருங்கிய உறவு. முன்பக்கத்து உடல் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும் அழகு இரண்டுக்கும் பொது. அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற என் தகப்பனாரின் நினைவு எனக்கு வரும்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில், சாத்தாராவுக்குச் செல்லும் சாலையில் கம்பாட்கி மலை ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றது. அந்தக் கோடையில் அது மூன்றாம் முறை. ஒரு பட்டறைக்காரர் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பெருந்தொகை சொன்னார். வாங்கிக்கொள்ள ஒருவர் ரொக்கத்தோடு வந்துவிட்டார். என் மனைவி யோசித்து, "ஜூன் மாதக் கடைசிக்குள் சரியானால் இருக்கட்டும், இல்லாவிட்டால் கொடுத்துவிடலாம்" என்று தீர்ப்புக் கூறினாள். நியாயமான தீர்ப்புத்தான். ஜூலையில் எங்கள் மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. வீட்டில் பணத்துக்கு வேறு வேலை இருந்தது.

பதினேழு வயதான அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்தது முதல் புணேயில் வளர்ந்தவன். தமிழில் சொன்னால் புரிந்துகொள்வான். பதில் மட்டும் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ வரும். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சென்று எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கற்றான். ஆயினும், பேச்சு நாவில் ஏறவில்லை. தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத என் தாயாரும் அவனும் ஒரே வீட்டில் புன்னகையாலும் தலையசைப்பாலும் குடும்பம் நடத்தி வந்தார்கள். இம்மாதிரி வீடுகள் நம் அன்பர்களுக்குப் புதியவை அல்ல.

வண்டி கொதித்தால் உடனே ரேடியேட்டரைக் குற்றம் சொல்லலாகாது. விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். தீப்பொறி விழும் நேரம் பிசகியிருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். அவற்றை முதலில் பார்த்தோம். தெர்மோஸ்டாட்டைப் பழைய அலுமினியப் பாத்திரத்தில் நீரிலிட்டு, அடுப்பில் வைத்து, உஷ்ணமானியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எண்பத்திரண்டு டிகிரியில் அது வாய் திறந்தது. ஆகவே அது குற்றமற்றது. பிறகு எஞ்சினை நன்றாக ஓடவிட்டு அணைத்து, ரேடியேட்டரின் அருகே கையைக் கொண்டுபோனபோது, ஓரங்கள் அனல் வீச, நடுப்பாகம் குளிர்ந்திருந்தது. உள்ளே குழாய்கள் அடைபட்டுவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. பழைய சட்டத்தில் புதிய குழாய்களை வைத்துத் தருவோர் புணேயில் உண்டு. அவர்கள் கேட்ட அவகாசம் எங்கள் தவணைக்குள் அடங்கவில்லை. இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் இந்த வண்டிக்கென்று விற்கப்படும் அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

பழையது செம்பும் பித்தளையுமாகச் செய்து ஈயத்தால் பற்றவைத்தது. "உஷ்ணத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் செம்பு சிறந்ததாயிற்றே?" என்று பையன் ஆங்கிலத்தில் கேட்டான். கேள்வி சரியானதே. ஆனால் ஈயப்பற்று செம்பைப்போல் உஷ்ணத்தைக் கடத்தாது. அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்ய முடிகிறது. தகடுகளும் குழாய்களும் ஒரே உலோகமாக இணைந்துவிடுகின்றன. கனமோ செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

முதல் ஞாயிறன்று காலையில் எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருந்தபோது ஆரம்பித்தோம். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பவனுக்கு முகமும் கையும் வெந்துபோகும். இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பாட்டரி இணைப்பை நீக்கி, அடியில் தட்டை வைத்து நீரை வடித்தோம். மேலும் கீழும் இருந்த ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, போல்ட்டுகளை நீக்கியதும் பழையது கையோடு வந்துவிட்டது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் திருக வேண்டும். என் முகம் கீழே இருக்கும். அவன் கை மேலே இருக்கும். அப்படிப்பட்ட சமயத்தில் என் வாயில் வந்தவை என் தகப்பனாரிடம் நான் கேட்ட சொற்களே: "தளர்த்து, இறுக்கு, அண்டக் கொடு, மெல்ல இறக்கு." ஒரு மணி நேரத்திற்குள் அவன் அவற்றை எனக்கே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டான். நட்டுக்கு முன்னால் இலக்கணம் நினைவுக்கு வருவதில்லை போலும்.

புதியதன் துளைகள் வண்டியின் துளைகளோடு கால் அங்குலம் ஒட்டவில்லை. வெளியார் செய்யும் பாகங்களில் இது சகஜம். தாங்கியின் துளையை நீட்ட வேண்டியிருந்தது. "அரத்தை எடு" என்றேன். "அறமா?" என்று வியப்போடு கேட்டான். வகுப்பில் படித்த சொல் அது. நான் விளக்குமுன் திண்ணையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த என் தாயார், "அது வேற, இது வேறடா கண்ணா. ஆனா ரெண்டுக்கும் பொறுமை வேணும்" என்றாள். பையன் உரக்கச் சிரித்தான். பாட்டியின் பேச்சைக் கேட்டு அவன் அவ்வாறு சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அலுமினியத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ரப்பர் வாஷர்களை வைத்தோம். அதிர்ச்சியால் விரிசல் விழாதிருக்க அது உதவும். விசிறியின் இறக்கை மோதாமல் ஒரு விரற்கடைக்கு மேல் இடைவெளி இருப்பதைக் கையால் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். மெல்லிய தகடுகள் நசுங்காதிருக்க, பொருத்தும் வரையில் அட்டை ஒன்றை மறைப்பாக வைத்திருந்தோம்.

இரண்டாம் ஞாயிறு நீர் ஊற்றும் படலம். இரும்பு எஞ்சினும் அலுமினிய ரேடியேட்டரும் சேருமிடத்தில் குழாய் நீரை ஊற்றினால் அரிப்பு உண்டாகும். ஆகையால் காய்ச்சி வடித்த நீரும், அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்ந்த கூலண்டும் சரிபாதியாகக் கலந்தோம். அதிலுள்ள கிளைக்கால் இனிப்பான விஷம். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கு ஆபத்து. சிந்தியதை உடனே துடைத்துக் கழுவினோம்.

புணே கடல் மட்டத்திற்குச் சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே திறந்த பாத்திரத்தில் நீர் தொண்ணூற்றெட்டு டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை ஏற ஏற அது இன்னும் குறையும். ரேடியேட்டர் மூடியின் வில் சதுர அங்குலத்திற்கு ஏழு பவுண்டு அழுத்தத்தைத் தாங்கினால், அதே நீர் நூற்றுப்பத்து டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். சிறிய மூடிக்கு அவ்வளவு மகிமை! ஆதலால் மூடியையும் புதிதாக்கினோம்.

மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழ்குமிழாக வெளியேறும் வரையில் சிறிது சிறிதாக ஊற்றினான் பையன். அவன் மேலே இருந்ததால் அடியில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. நான் எஞ்சினருகில் இருந்தேன். நாற்காலியில் இருந்த பாட்டிக்குத்தான் வண்டியின் அடிப்பாகம் நேராகத் தெரிந்தது. "பாட்டி, ஒழுகுதா?" என்று அவன் தமிழில் கேட்டான். "ஒழுகல்லடா, கசியுது. இந்தப் பக்கத்துக் குழாய்" என்று பதில் வந்தது. அந்தக் கிளிப்பை அரைச் சுற்று இறுக்கியதும் கசிவு நின்றது. ஒழுகலுக்கும் கசிவுக்கும் உள்ள பேதத்தை அதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் அவனுக்குக் காட்டியிராது.

ஜூன் மாதக் கடைசி வாரத்தில் கம்பாட்கி மலையில் மறுபடி ஏறினோம். உஷ்ணமானியின் முள்ளைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவனுடையது. உச்சி வரையில் அது பாதியைத் தாண்டவில்லை. வண்டியை வாங்க வந்தவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பினோம்.

ஜூலையில் பையன் கல்லூரிக்குச் சென்றுவிட்டான். வாரந்தோறும் டெலிபோனில் பாட்டியை அழைக்கிறான். முதற் கேள்வி, கசிவு உண்டா என்பது. அதன் பிறகு பேச்சு எங்கெங்கோ செல்கிறது; சொல் கிடைக்காத இடத்தில் பாட்டி எடுத்துக் கொடுக்கிறாள். அவன் தமிழில் இன்னும் பிழைகள் உண்டு. ஆயினும் அது பேச்சாகிவிட்டது.

வெளி மாகாணங்களில் வாழும் நாம், பிள்ளைகளுக்குத் தமிழ் வர வேண்டும் என்று வகுப்புகள் நடத்துகிறோம்; அவை அவசியமே. அவற்றோடு, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து கைநோகச் செய்யும் வேலை ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். அது மோட்டாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தையல் யந்திரமோ, மாவரைக்கும் யந்திரமோ, கால் ஆடும் நாற்காலியோ போதும். இருவரும் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த சொல் தேவைப்படுகிறது. தேவைப்படும் சொல் நாவில் நின்றுவிடுகிறது.