பால் கணக்கில் ஒரு வெற்றுக் கட்டம்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கெல்லாம் அதில்தான். பால் ஊற்றிய நாளில் அம்மா 1 என்று எழுதுவாள். பால்காரர் வராத நாளில் 0. சில கட்டங்களில் ஒன்றுமே இருக்காது. மாதக் கடைசியில் சண்டை வருவது அந்தக் கட்டங்களால்தான். ஊற்றினேன் என்பார் அவர். நாங்கள் ஊரிலேயே இல்லை என்பாள் இவள். வாங்காமல் இருந்தது வேறு, எழுதாமல் விட்டது வேறு. பிற்பாடு புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தபோதுகூட இதை யாரும் எனக்கு அவ்வளவு உறைக்கும்படி சொல்லித் தரவில்லை.

2010-ல் கல்யாணமாகி நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனுக்குப் போனேன். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்குத் துணைவருக்கான எச்-4. அதில் வேலை பார்க்கக் கூடாது. வேலைக்கு அனுமதி இல்லாததால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடையாது. படிக்கலாம், ஆனால் ஒரு சம்பளத்தில் வாடகையும் கட்டி, கல்லூரிக் கட்டணமும் கட்டுவது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மிச்சமிருந்தது பொது நூலகம். பையனைக் குழந்தைகளுக்கான கதை நேரத்தில் உட்காரவைத்துவிட்டு, அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். எஸ்கியூஎல், ஆர் என்ற கணினி மொழிகள் இரண்டையும் அப்படித்தான் கற்றேன். நியூயார்க் நகரம் 311 எண்ணுக்கு வரும் புகார்களையெல்லாம் பொதுவில் வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் எந்தப் பேட்டையில் ஹீட்டர் ஓடவில்லை என்று பார்த்துப் படம் போடுவேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காட்டவுமில்லை.

2015 மே 26 முதல், கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் எச்-4 துணைவருக்கும் வேலை அனுமதி தரலாம் என்று விதி வந்தது. 380 டாலர் கட்டி விண்ணப்பித்தேன், அட்டை வந்தது. பிறகு நேர்காணல்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி: “இந்த ஐந்து வருஷம் என்ன செய்தீர்கள்?” பயோடேட்டாவில் நான் வெறுமனே விட்டிருந்த இடத்தை அவர்கள் 0 என்று வாசித்தார்கள்.

எஸ்கியூஎல்லில் வெற்றுக் கட்டத்துக்கு ‘நல்’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு நல்ல பெயர்தான். இந்த நல்லும் அந்த நல்லும் ஒன்றா என்று கேட்டால், ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்பதுதான் பதில். சராசரி எடுக்கும்போது அதைச் சேர்க்காமல் விட்டுவிடும். யாராவது கெட்டிக்காரர் அங்கே 0 போட்டு நிரப்பினால்தான் சராசரி விழும். கம்ப்யூட்டருக்கு இருந்த இந்த நிதானம் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இல்லை.

கடைசியில் ஆஸ்பத்திரி பில்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. முதல் நாள் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தந்த அட்டையில் என் பெயர் ‘ஃப்னு’ என்று இருந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றைப் பெயர். அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. மூன்று மாதம் நான் ஃப்னுவாகத்தான் இருந்தேன்.

நோயாளிகளின் பட்டியலைத் திறந்தால் அங்கேயும் வரிசையாக ஃப்னுக்கள். இந்தியாவில் இது பரவலான பெயர் போலிருக்கிறது என்று எங்கள் குழுவில் ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. முதல் பெயர் ஃப்னு, குடும்பப் பெயர் லட்சுமி, பிறந்த நாள் ஜூன் 1. பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட பிறந்த நாட்கள் நம் ஊரில் எத்தனை! ஆண்டும் ஒத்துப்போய்விட்டால் இரண்டு லட்சுமிகளை இயந்திரம் ஒரே ஆளாக்கிவிடும். ஒருவருடைய சர்க்கரை வியாதி இன்னொருவர் கணக்கில் ஏறும். ஃப்னு என்றால் பெயரல்ல, வெற்றுக் கட்டம் என்று எண்ணிக்கொண்டு முகவரி, தொலைபேசி எண்களை வைத்துப் பிரிக்கும்படி விதிகளை மாற்றி எழுதினேன். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது அதனால்தான். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தால் போதும்.

2021-ல் வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிப்பதில் தாமதமாகி நான்கு மாதம் சம்பளமில்லாமல் வீட்டிலிருந்தேன். பயோடேட்டாவில் இன்னொரு வெற்றுக் கட்டம். இந்த முறை யாரும் கேட்கவில்லை.

வெற்றுக் கட்டங்களை வாசிப்பதில் பேர்போன புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டை எங்கள் தொழிலில் தெரியாதவர்கள் குறைவு. யூதர் என்பதால் வியன்னாவில் பல்கலைக்கழக வேலை கிடைக்காமல், 1938-ல் அமெரிக்காவுக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, திரும்பி வந்த விமானங்களில் விழுந்திருந்த ஓட்டைகளை வைத்து, திரும்பி வராதவற்றுக்கு எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டவர். இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்த அவர், 1950 டிசம்பர் 13 அன்று விமானம் நீலகிரி மலையில் மோதி, மனைவியோடு இறந்துபோனார். எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலை. நூலகத்தில் இதைப் படித்த அன்று என் கவனம் திரையில் இல்லை.

போன விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோத்தகிரி போயிருந்தேன். டீக்கடைக்காரரிடம் அந்த விமான விபத்தைப் பற்றி விசாரித்தேன். “எந்த ஃப்ளைட்டுங்க?” என்றார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, வர்க்கியை டீயில் நனைத்தபடி, “ஏன் அம்மிணி, அவரு உன்ற ஆபீஸ்ல வேலை பார்த்தவரா?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.