வைரத்துக்கு உண்டு திசை

சூரத், வராச்சா ரோடு. மாடியில் ஒரு வைரப் பட்டறை. சுழலும் இரும்புத் தட்டைச் சுற்றி நான்கு பேர். தட்டை அவர்கள் 'கண்ட்டி' என்கிறார்கள். மாவரைக்கும் திரிகைக்கு குஜராத்தியில் உள்ள பெயர்தான். இங்கே அரைபடுவது வைரம். அரைப்பதும் வைரம்தான்: எண்ணெயில் குழைத்துத் தட்டில் தடவிய வைரத் தூள்.

நால்வரில் மூத்தவர் அம்ரேலி பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கல்லைத் தட்டில் வைத்ததும் தலையைச் சாய்த்துக் கேட்பார். கிரீச்சிட்டால் திசை தவறு. எவ்வளவு அழுத்தினாலும் கல் தேயாது; தட்டுதான் கீறல் விழுந்து கெடும். கல்லைக் கொஞ்சம் திருப்புவார். சத்தம் அடங்கும். கல் தேய ஆரம்பிக்கும்.

வைரமும் பென்சில் முனையும் ஒரே கார்பன், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு என்பது பள்ளிப் பாடம். பாடம் அதோடு நின்றுவிடுகிறது. ஒரே வைரத்துக்குள்ளும் எல்லாத் திசையும் ஒன்றல்ல. கனசதுர முகத்தில் விளிம்புக்கு இணையாகத் தேய்த்தால் கல் இணங்கும். 45 டிகிரி திருப்பினால் முரண்டு பிடிக்கும். எண்முகப் படிகத்தின் இயற்கையான முகமோ எந்தத் திசையிலும் லேசில் மசியாது. சற்றுச் சாய்த்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு 2011-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் தந்தார்கள். தூளின் கூரிய துகள் உரசும்போது மேற்பரப்பு அணுக்கள் அடுக்குக் குலைந்து மெத்தென்ற படலமாகின்றன. அந்தப் படலம்தான் வழித்தெடுக்கப்படுகிறது. எத்தனை வேகமாகக் குலையும் என்பது திசையைப் பொறுத்தது.

பட்டறையில் இதை யாரும் படித்ததில்லை. படித்திருந்தாலும் கூலி கூடப்போவதில்லை. கூலி கல்லுக்கு இவ்வளவு என்றுதான். 2008 இறுதியில், உலக நெருக்கடியில் பட்டறைகள் மூடியபோது அவர் ஊருக்குப் போய்க் கடலைக்காட்டில் வேலை செய்தார். பிறகு திரும்பி வந்தார். திசை பார்த்து வைரத்தை அறுத்தவர்களின் வேலையைப் பெரும்பாலும் லேசர் பறித்துக்கொண்டது. லேசருக்குத் திசை கிடையாது. தட்டுக்கு உண்டு. அதனால் அவர் தப்பினார்.

ஆனால் முப்பத்தைந்து வருடமாகக் கல்லைக் கேட்ட காது மந்தமாகிவிட்டது. முதலாளியிடம் சொல்லவில்லை. விரல் நுனியின் அதிர்வை வைத்துத் திசையைப் பிடிக்கிறார். நேரம் பிடிக்கிறது, நாளுக்கு நான்கைந்து கல் குறைகிறது. அக்காள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகுகிறான். கல் கிரீச்சிடும்போது, "மாமா" என்று முழங்கையால் லேசாக இடிக்கிறான். முதலாளி பார்க்கிறாரா என்று ஒரு கணம் கவனித்துவிட்டு, அவர் கல்லைத் திருப்புகிறார்.