சீனிக்குத் துணை

எங்கள் வீட்டு முயலுக்குச் சீனி என்று பெயர் வைத்தது அக்கா. வெள்ளை உடம்பு, சிவந்த கண். அப்பா அப்போது கொடைக்கானல் தடத்தில் கண்டக்டர். மன்னவனூர் டிரிப் போய்த் திரும்பும்போது பேரிக்காய்க் கூடையில் வைக்கோல் பரப்பி அதை வத்தலக்குண்டுக்குக் கொண்டுவந்தார். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்துக்குத் தென்மண்டலக் கிளை இருக்கிறது. ஆடுகளோடு முயலும் வளர்க்கிறார்கள். வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா என்று இனம் இனமாக. பக்கத்து விவசாயிகள் சிலர் வீட்டிலும் கூண்டு உண்டு. சீனி அப்படி ஒரு வீட்டுக் குட்டி.

ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக் குளிரில் பிறந்ததை வத்தலக்குண்டு வெயிலில் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. முயலுக்கு நம்மைப் போல வேர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றும். சித்திரையில் சீனியின் காதைத் தொட்டால் கை சுடும். அம்மாச்சி கூண்டை வேப்பமரத்தடிக்கு நகர்த்தி, மேலே ஈரச்சாக்கு போட்டு, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிப்பாள். தீனிக்குக் குறைவில்லை. அருகம்புல், கல்யாண முருங்கை இலை, அகத்தி. அகத்திக்கீரையின் காம்பு சீனியின் வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஷார்ப்னருக்குள் பென்சில் போகிற மாதிரி நேராக, நிற்காமல், மறையும்வரை போகும்.

வளர்ந்து ஆளானதும் போக்கு மாறிவிட்டது. கூண்டுக் கம்பியைக் கறக் கறக்கென்று கடிக்கும். ராத்திரியில் பின்னங்காலால் பலகையை 'தொம்'மென்று அடிக்கும். வீடே விழித்துக்கொள்ளும். "ஒத்தையில கெடந்தா மனுசனுக்கே கிறுக்குப் பிடிக்கும். அதுக்கு ஒரு தொணையப் பாருங்க மாப்ள" என்று அப்பாவிடம் சொன்னாள் அம்மாச்சி. அப்பாவுக்கு அதற்குள் தடம் மாறிப் பழனிப் பக்கம் போட்டுவிட்டார்கள். மன்னவனூர் வழி அடைபட்டது.

அம்மாவுக்குச் செலவில்லாத யோசனைகள்தான் வரும். ஒரு கோழிக்குஞ்சை உள்ளே விட்டாள். அது சீனியின் முதுகில் ஏறி அசிங்கம் பண்ணியதோடு அந்தக் கதை முடிந்தது. அடுத்து, இரண்டாம் தெரு டீச்சர் வீட்டிலிருந்து கினிப் பன்றி ஒன்று விருந்தாளியாக வந்தது. அதுவும் புல் தின்னும், இதுவும் புல் தின்னும், ஒத்துப்போகும் என்பது டீச்சரின் கணக்கு. ஆனால் கினிப் பன்றி ஓயாமல் கீச்சிடும் பிராணி. சீனியோ வாய் திறக்காதது. சொல்ல வேண்டியதையெல்லாம் காதாலும் காலாலும் சொல்வது. பின்னங்காலால் விட்ட ஒரே உதையில் விருந்தாளி மூலையில் போய் விழுந்தது. டீச்சர் வந்து தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவதாக வந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. காட்டில் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர் துண்டில் சுருட்டிக் கொண்டுவந்தார். சோளத்தட்டைக்குள் தனியாகக் கிடந்ததாம், தாயைக் காணோமாம். காட்டு முயல் குட்டி. பிறந்து ரொம்ப நாளாகியிருக்காது. ஆனாலும் உடம்பெல்லாம் முடி, கண் அகல விழித்திருந்தது. சீனி மாதிரி முயல்கள் முடியில்லாமல், கண் திறக்காமல், ரோஸ் நிறச் சதைத் துண்டாகப் பிறந்து, பத்து நாள் கழித்துத்தான் உலகத்தைப் பார்க்கும். இதுவோ பார்த்துக்கொண்டே பிறந்தது. பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு, மை தொட்டு வைத்தாற்போல. உள்ளங்கையில் வைத்தேன். எடையே இல்லை. நெஞ்சு அடிப்பது மட்டும் விரல் நுனிக்குத் தெரிந்தது. ஓடப் பார்க்கவில்லை, கடிக்கவில்லை, கல்லாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடித்துப்போயிற்று. அது பயம் என்று பிற்பாடு தெரிந்தது.

இரண்டும் முயல்தானே என்று எல்லாரும் நினைத்தோம். பெயரில்தான் ஒன்று. காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், வீட்டு முயலுக்கு 44. ஜோடி சேராது, பழக்கமும் ஒத்துப்போகாது. சீனி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருதரம் மூக்கை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்பா டூட்டி முடிந்து வந்ததும் பதறிவிட்டார். 1972இலேயே சட்டம் வந்துவிட்டது, பாரஸ்ட்டுக்காரர்கள் பார்த்தால் வேலைக்கே வேட்டு. அம்மாச்சிக்குச் சட்டம் தெரியாது, முயல் தெரியும். "தாயி எங்கயும் போகல. அது பகல்ல குட்டிகிட்ட அண்டாது. பொழுது எறங்கித்தான் வந்து பால் குடுத்துட்டுப் போகும். எடுத்த எடத்துல கொண்டுபோய் விடுங்கய்யா" என்றாள். கீதாரியும் நானும் மசங்கல் வேளையில் போய் அதே தட்டைக்குள் விட்டோம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

கடைசியில் மதுரையில் ஒரு கடையிலிருந்து அப்பா காசு கொடுத்தே வாங்கிவந்தார். சாம்பல் நிறம், கொழுகொழுவென்றிருந்தது. "கியாரண்டியா ஆண்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மிளகு என்று பெயர் வைத்து, அக்கா குங்குமம்கூட இட்டுவிட்டாள். நேரே சீனியின் கூண்டில் விட்டோம். சீனி உறுமியது. முயல் உறுமும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் கூண்டுக்குள் இரண்டு நிறத்திலும் முடி பறந்தது. மிளகின் காதோரம் கிழிந்து ரத்தம். அம்மாச்சி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டுப் பிரித்தெடுத்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சிரித்தார். "தம்பி, பெட்டை முயல் தன் கூண்டுக்குள்ள யாரையும் விடாது. அத தூக்கிட்டுப் போய்க் கிடா இருக்கற கூண்டுல விடணுமே தவிர, கிடாவ இங்க கொண்டுவரக் கூடாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். காதுக்கு மருந்து போட்ட கையோடு மிளகை மல்லாத்தி, வாலுக்குக் கீழே கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். கிடாவானால் வட்டமாகத் தெரியும், பெட்டையானால் கீற்றாக. குட்டியில் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது, விற்பவர்களே ஏமாந்துபோவார்கள். "இதுவும் பெட்டைதான்" என்றார்.

திருப்பிக் கொடுக்க அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் மிளகு தங்கியது. டாக்டர் சொன்னபடி இரண்டு கூண்டையும் நடுவில் சாண் இடைவெளி விட்டு வைத்தோம். இதன் சாக்கை அதற்கும் அதன் சாக்கை இதற்குமாக மாற்றி மாற்றிப் போட்டோம், வாடை பழகட்டும் என்று. முதலில் சீனி மிளகின் சாக்கைக் குதறியது. பிறகு அதன்மேல் தாடையைத் தேய்த்துத் தன் வாடையை ஏற்றியது. அப்புறம் அதிலேயே படுத்துத் தூங்கியது. இரண்டுக்கும் பாத்தியதை இல்லாத இடமாகப் பார்த்து மொட்டை மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு, ஒன்றாக விட்டோம். நான் கையில் துடைப்பத்தோடு காவல். சுற்றிச் சுற்றி வந்தன. சீனி மிளகின் மேல் ஏறியது. யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ள முயல்கள் அப்படிச் செய்யும், ஆண் பெண் பேதமெல்லாம் கிடையாது. ஒரு சாயங்காலம் சீனி மிளகின் எதிரே போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தி வைத்தது. பணிந்துவிட்டது என்று அக்கா கை தட்டினாள். இல்லை, அது உத்தரவு. மிளகு வந்து அதன் நெற்றியை நக்கிவிட்டது. சீனி கண்ணை மூடிக்கொண்டது. அன்றைக்குத்தான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

அதன்பின் ஒரே கூண்டு. கம்பி கடிப்பது நின்றது. ராத்திரி 'தொம்' நின்றது. ஆனால் மிளகு திடீரென்று தன் நெஞ்சு முடியைக் கத்தை கத்தையாகப் பிடுங்கி வைக்கோலோடு சேர்த்துக் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. குட்டி போடப்போகிற முயல் செய்கிற வேலை! அப்படியானால் டாக்டர் தப்பு, சீனிதான் ஆண் என்று வீட்டில் ஒரு கட்சி கிளம்பியது. தெருவில் யார் யாருக்குக் குட்டி என்று பேச்சு முடிந்துவிட்டது. டாக்டரே சைக்கிளில் வந்து பார்த்தார். எப்போது ஏறிக்கொண்டன என்று கேட்டார். இரண்டரை வாரம் இருக்கும் என்றோம். உண்மையான சினைக்கு 31 நாள் ஆகும். இது பொய்ச்சினை என்றார். இன்னொன்று மேலே ஏறினாலே போதும், அது பெட்டையாக இருந்தாலும் சரி, முயலின் உடம்பு சினை என்று நம்பிவிடுமாம்.

மிளகு இரண்டு நாளில் கூட்டை மறந்துபோய் அதன் வைக்கோலையே தின்றது. மறக்காதவன் பால்கடை வீட்டுப் பையன். வெள்ளைக் குட்டிக்கென்று அம்மாச்சியிடம் ஐந்து ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தான். அது வெற்றிலை பாக்காகிப் போயிருந்தது. "மொளகு ஆம்பளைன்னு வித்தவங்கிட்டப் போய்க் கேளுடா" என்றாள் அம்மாச்சி. அவன் திண்ணையை விட்டு நகரவில்லை. கடைசியில் நாலு நாட்டுக்கோழி முட்டைக்குச் சம்மதித்தான். அதிலும் ஒன்று சிறிசாக இருக்கிறதென்று மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனான்.