மிளகாய் இலையும் கார் டயரும்

நரிக்குடிப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். மானாவாரியாக நாலு ஏக்கரில் மிளகாயும் பருத்தியும் போடும் விவசாயி ஒருவர், மூன்று வருடங்களுக்கு முன் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். பெருமைக்காக வாங்கியதல்ல. அவருடைய மனைவியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று பஸ் மாறி, ஊசி போட்ட உடம்போடு நின்றுகொண்டே திரும்பி வரும் நிலை இனி வேண்டாம் என்றுதான் வாங்கினார்.

போன மாசி மாதம், மிளகாய்ப் பழம் பறிக்கும் நேரம். மறுநாள் விடியற்காலை மதுரைக்குக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் காருக்கு அடியில் உருண்டு போன பந்தை எடுக்கக் குனிந்தவன், "பெரியப்பா, டயர்ல கம்பி தெரியுது" என்றான்.

அவர் நம்பவில்லை. முன்பக்க டயர் இரண்டும் மாற்றி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 8,000 ரூபாய் செலவு. வெளியில் நின்று பார்த்தால் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தார். இடப்பக்க டயரின் உள்விளிம்பு மொட்டையாகி, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்க டயரிலும் உள்விளிம்பு வழவழவென்று இருந்தது. அந்த டயரோடு மறுநாள் நான்குவழிச் சாலையில் போயிருந்தால்? அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இருவரும் பஸ்ஸில்தான் போனார்கள். வரும்போது மனைவிக்கு உட்கார இடம் கிடைத்தது அருப்புக்கோட்டை தாண்டித்தான். அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

அடுத்த நாள் கம்பி தெரிந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினார். காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனார். வீல் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறையில் இறங்கியதும், "தம்பி, மட்டமான டயரை என் தலையில கட்டிட்டாங்க" என்றார்.

பட்டறைக்காரர் டயரை உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, டயர் மேல குத்தமில்ல. நீங்க என்ன வெள்ளாமை போடுறீங்க?"

"மிளகா, பருத்தி."

"மிளகா இலை சுருண்டா என்ன செய்வீங்க?"

"மேல் பக்கமாச் சுருண்டா இலைப்பேன். கீழ் பக்கமாச் சுருண்டா சிலந்திப்பேன். ரெண்டுக்கும் மருந்து வேற வேற."

"டயரும் அப்படித்தாண்ணே. எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பார்த்தா என்ன நோய்னு சொல்லிரும். அதைப் பார்க்காம டயரை மட்டும் மாத்துனா, இலையைக் கிள்ளிப் போட்ட மாதிரிதான்."

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் கோணம் தவறியிருக்கிறது. டயரின் மேல் குறுக்காகக் கையால் தடவும்போது ஒரு பக்கமாக வழுக்கி, எதிர்ப்பக்கமாக ரம்பம்போல் உரசினாலும் அலைன்மென்ட் கோளாறுதான். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் பார்க்க வேண்டும்.

நேராக ஓட வேண்டிய சக்கரம் ஒரு டிகிரி விலகி நின்றாலே, ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 17 மீட்டர் தூரத்துக்குப் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகிறது. உரலில் அரைப்பதுபோல ரப்பர் அரைபடுகிறது. எந்தக் கம்பெனி டயரானாலும் அதற்குத் தாங்காது.

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார்கள். பட்டறைக்காரர் சக்கரத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கை வைத்து அசைத்தார். லொடக்கென்று ஆடியது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் இருக்கும் மூட்டு, 'டை ராட் எண்ட்' என்பார்கள், தேய்ந்துபோயிருந்தது. அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கரிசல் புழுதி ஏறியிருந்தது.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடும் அதனால்தான் மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. ஐப்பசி மழையில் ஓடைப் பாலத்தருகே ஒரு பள்ளத்தில் கார் தடாலென்று விழுந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு முன்பக்கம் ஒரு லொடலொடச் சத்தம். நேர் ரோட்டில் போகும்போதும் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. கை அதற்குப் பழகிவிட்டதால் அவர் கண்டுகொள்ளவில்லை.

"மூட்டு ஆட்டத்தோட அலைன்மென்ட் பார்த்தா காசுக்குத்தான் கேடு. முதல்ல அதை மாத்தணும், அப்புறம் டயர், கடைசியாத்தான் அலைன்மென்ட்" என்றார் பட்டறைக்காரர். அதே வரிசையில் வேலை முடிந்தது. திரும்பும்போது நேர் ரோட்டில் ஸ்டீரிங் நேராக நின்றது. சத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "தினம் நூறு மிளகா இலையத் திருப்பிப் பார்க்கிறவன், வாசல்ல நிக்கிற டயரோட உள்பக்கத்தைப் பார்க்கலையே."

"இனிமே பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் அவர் ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைக்கிறார். அப்போது முன்சக்கரத்தின் முகம் வெளியே தெரியும். உள்விளிம்பு வரை டார்ச் அடித்துப் பார்க்கிறார். பட்டன் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பார்க்கிறார். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்தாலும், புது டயர் போட்டாலும் அலைன்மென்ட் பார்த்துவிடுகிறார். இரண்டு டயரின் விலையோடு பார்த்தால் அது சிறு செலவுதான்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு முன்டயர்களின் நடுவிலும் அச்சு உயரத்தில், முன்பக்கமாகச் சாக்பீஸால் குறியிட்டு, குறிகளுக்கு இடையே டேப்பால் அளக்க வேண்டும். வண்டியை நேராக உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருப்பதே வழக்கம். சரியான கணக்கு டிராக்டரின் கையேட்டில் இருக்கும். வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தால், டயர் கடைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

பங்குனியில் மறுபடி மதுரைப் பயணம் வந்தது. காரில் ஏறும் முன் அந்த அம்மாளே குனிந்து டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.