ஆறிய தண்ணீர் தந்த வேலை!

பத்தாவது முடித்ததுமே எனக்குக் கல்யாணம். ஆனாலும் அம்மாவின் பிடிவாதத்தால், தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் ‘பிரவீண்’ வரை தேறியிருந்தேன். அந்தச் சான்றிதழ் இருபது வருஷமாகப் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

2023-ல் இவருக்கு வேலை போயிற்று. ஹிந்தியிலிருந்து தமிழில் எழுத ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, தயங்கித் தயங்கி அந்த அலுவலகப் படியேறினேன். வந்திருந்தவர்கள் எல்லாம் என் மகள் வயதுப் பட்டதாரிகள்!

பரீட்சைக்குக் கொடுத்தது, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அச்சிட வேண்டிய குறிப்பு. கொதிக்க வைத்து ‘தண்டா’ செய்த தண்ணீர் என்று ஹிந்தியில் இருந்தது. மற்றவர்கள் ‘குளிர்ந்த நீர்’ என்றே எழுதியிருந்தார்கள். நானோ, “ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு பொட்டலம் முழுவதையும் கரைக்கவும். 24 மணி நேரத்துக்கு மேல் மீந்தால் கொட்டிவிடவும்” என்று எழுதினேன்.

“ஏம்மா ‘குளிர்ந்த’ன்னு போடலை?” என்று கேட்டார் மேலாளர்.

“குளிர்ந்த தண்ணீர்னா பிரிஜ்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்து ஊத்திடுவாங்க, சார். பேதியாகிற குழந்தையை இடுப்பில வச்சிருக்கிறவளுக்கு யோசிக்க ஏது நேரம்?” என்றேன்.

“திங்கட்கிழமையே வந்துடுங்க” என்றார்.

முதல் சம்பளத்தன்று இவர் தம் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தார். அதுவும் நன்றாக ஆறித்தான் இருந்தது!

சகோதரிகளே, உங்கள் பீரோவிலும் ஏதாவது தூங்குகிறதா? எழுப்பி விடுங்களேன்.